'கட்டாயமில்லை' எப்படித் 'தேவையில்லை' ஆயிற்று: ஆங்கிலச் சொற்கள் ஸ்பானியத்தில் பிளவுபடும் இடங்கள்

2021 ஜனவரியில், கொரோனா தடுப்பூசி போடும் பணி தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சுகாதாரத் துறையின் இணையதளம் ஒரு சொல்லால் செய்தியில் அடிபட்டது. தடுப்பூசி கட்டாயமில்லை என்ற பொருளில் ஆங்கிலப் பக்கத்தில் இருந்த விடை, தானியங்கி மொழிபெயர்ப்புக் கருவி உருவாக்கிய ஸ்பானியப் பக்கத்தில் தடுப்பூசி தேவையில்லை என்று மாறியிருந்தது. யாரையும் வற்புறுத்த மாட்டோம் என்ற உறுதிமொழி, போட்டுக்கொண்டு பயனில்லை என்ற மருத்துவ அறிவுரையாக ஸ்பானிய வாசகர்களைச் சென்றடைந்தது.

ஆங்கிலத்தில் இருந்த சொல் 'ரிக்வயர்ட்'. சட்டம் வற்புறுத்துவதையும் அச்சொல் குறிக்கும். ஒரு காரியம் நடப்பதற்கு வேண்டியிருப்பதையும் குறிக்கும். ஸ்பானியத்தில் முதல் பொருளுக்கு 'ஒப்லிகதோரியா' என்றும், இரண்டாம் பொருளுக்கு 'நெசெசாரியா' என்றும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. கருவி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்காவில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டில் ஸ்பானியம் பேசுகிறார்கள் என்பதை நினைவில் கொண்டால், இதை வெறும் எழுத்துப் பிழையாகத் தள்ளிவிட முடியாது. இத்தகைய பிழை ஏன் நேர்கிறது, இயந்திரத்துக்கு மட்டும்தான் நேர்கிறதா, அதைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம் என்பவற்றை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பலபொருள் என்பது எங்கே இருக்கிறது?

ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டா இல்லையா என்பது அந்தச் சொல்லின் தனிப்பட்ட குணம் என்றும், அகராதியைத் திறந்தால் விடை கிடைத்துவிடும் என்றும் நினைப்பது இயல்பு. மொழிபெயர்ப்பாளரைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். ஒரு சொல் எத்தனை பொருளாகப் பிரிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில், அது புறப்படும் மொழியைவிடப் போய்ச் சேரும் மொழிக்கே கூடுதல் பங்கு உண்டு.

ஆங்கிலத்தின் 'அங்கிள்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஸ்பானியத்தில் அதற்கு 'தீயோ' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம். தமிழில் எழுதுபவர் அங்கேயே நின்றுவிடுவார்: பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா? மூலநூலில் அதற்கான விடை இல்லாமலே போகலாம். இதற்கு நேர்மாறாக, ஆங்கிலத்தின் 'நோ' என்ற அறிதல் வினை தமிழில் சிக்கல் தராது. விடை தெரியும், ஊர் தெரியும், அவரைத் தெரியும் என்று ஒரே சொல்லால் முடித்துவிடுகிறோம். ஸ்பானியமோ, செய்தியையும் திறமையையும் அறிவதற்கு 'சபேர்' என்றும், ஆளையும் ஊரையும் பழக்கத்தால் அறிவதற்கு 'கொனொசேர்' என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. தமிழுக்கு ஒரே பொருளுடைய சொல் ஸ்பானியத்துக்கு இருபொருள் சொல்லாகிறது. 'அங்கிள்' விஷயத்தில் நிலைமை தலைகீழ்.

மூன்று வகைகள்

இந்தப் பிளவுகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம். எல்லைகள் எப்போதும் தெளிவாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

1. தொடர்பே இல்லாத பொருள்கள். வௌவாலும் கிரிக்கெட் மட்டையும் ஆங்கிலத்தில் 'பேட்'தான். ஸ்பானியத்தில் வௌவால் 'முர்சியேலகோ', பேஸ்பால் மட்டை 'பாதே'. காலண்டர் தேதியும் பேரீச்சம்பழமும் 'டேட்'. ஸ்பானியத்தில் 'ஃபெச்சா', 'தாதில்'. நகைச்சுவைத் துணுக்குகளுக்கு மிகவும் உதவும் வகை இது. ஆனால் பொருள்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருப்பதால், தவறு நேர்ந்தாலும் உடனே கண்ணில் பட்டுவிடும். நடைமுறையில் இதனால் வரும் ஆபத்து மிகக் குறைவு.

2. ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த பொருள்கள். 'டைம்' என்ற சொல் ஸ்பானியத்தில் 'தியெம்போ' (நேரம் இல்லை என்பதில் வரும் நேரம்), 'ஓரா' (மணி என்ன என்பதில் வரும் மணி), 'வேஸ்' (மூன்று தடவை என்பதில் வரும் தடவை), 'எபோக்கா' (சோழர் காலம் என்பதில் வரும் காலம்) என்று பிரிகிறது. தமிழும் கிட்டத்தட்ட அதே இடங்களில் பிரிப்பதால் இதில் தமிழருக்கு வியப்பு எதுவும் இல்லை. 'ரைட்' என்பதும் அப்படியே: வலப்பக்கம் 'தெரேச்சா', உரிமை 'தெரேச்சோ', சரி 'கொர்ரெக்தோ'. ஒருவர் சொல்வது சரி என்று ஒப்புக்கொள்ளும்போது மட்டும் ஸ்பானியர் 'உங்களிடம் நியாயம் இருக்கிறது' என்ற அமைப்பைப் பயன்படுத்துகிறார்கள். வழி கேட்பவர் கவனிக்க வேண்டிய ஒன்றும் இங்கே உண்டு. ஈற்றில் ஆகாரம் வரும் 'தெரேச்சா' வலப்பக்கம் திரும்பச் சொல்கிறது. ஓகாரம் வரும் 'தெரேச்சோ' நேராகப் போகச் சொல்கிறது.

இந்த வகையில் வரலாற்றுப் புகழ் பெற்றது 'ஃப்ரீ'. அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் தம் 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' அறக்கட்டளையைத் தொடங்கிய நாளிலிருந்தே, தாம் சொல்வது விலையில்லா மென்பொருளை அல்ல, சுதந்திரமுள்ள மென்பொருளை என்று விளக்க வேண்டியிருந்தது. பேச்சுச் சுதந்திரத்தை நினையுங்கள், இலவச பீரை அல்ல என்று அவர் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் ஸ்பானிய வாசகருக்குத் தேவைப்படுவதே இல்லை. 'லிப்ரே', 'கிராதிஸ்' என்ற இரு சொற்கள் அந்த வேலையை முன்பே செய்து முடித்துவிட்டன. தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்ற ஆக்கமும் இலவசத்தைக் கவனமாக விலக்கியே உருவானது.

3. ஆங்கிலம் பேசுபவரே உணராத பொருள்கள். ஆங்கிலத்தில் 'ஃபிஷ்', 'கார்னர்', 'இயர்' என்று ஒரே சொல்லில் அடங்குபவை ஸ்பானியத்தில் இரண்டிரண்டாகின்றன. நீரில் நீந்தும் மீன் 'பேஸ்'. பிடித்துக் கூடையில் போட்ட மீன் 'பெஸ்காதோ'. வெளிப்புறமாகப் பார்க்கும் தெருமுனை 'எஸ்கினா'. உட்புறமாகப் பார்க்கும் அறையின் மூலை 'ரின்கோன்'. கம்மல் மாட்டும் காது 'ஒரேஹா'. வலியெடுக்கும் உட்காது 'ஒயீதோ'. ஆங்கில அகராதிகள் இவற்றைத் தனித்தனிப் பொருள்களாக எண்ணுவதே அரிது. எழுதியவருக்குத் தாம் எதையும் தெளிவில்லாமல் சொன்னதாகத் தோன்றாது. அதனால்தான் மூன்றில் இதுவே மிகவும் சிக்கலான வகை என்று கருத வேண்டியிருக்கிறது.

'இஸ்' என்ற சிறு சொல்

மூன்றாம் வகையின் உச்சம் ஆங்கிலத்தின் 'இஸ்'. இருத்தல் வினைக்கு ஸ்பானியத்தில் 'செர்', 'எஸ்தார்' என்று இரு வேர்கள் உண்டு. நிகழ்காலத்தில் அவை 'எஸ்' என்றும் 'எஸ்தா' என்றும் வரும். நிலையானதற்கு முதலாவது, தற்காலிகமானதற்கு இரண்டாவது என்று தொடக்கநிலைப் பாடநூல்கள் கற்பிக்கும். இந்த விதி அதிக தூரம் தாங்காது. ஒருவர் இறந்துவிட்டார் என்பதைவிட நிலையானது வேறென்ன இருக்க முடியும்? ஆனால் அதற்கு ஸ்பானியர் பயன்படுத்துவது 'எஸ்தா'தான். இன்னதென்று அடையாளப்படுத்துவதற்கும் தன்மையைச் சொல்வதற்கும் 'செர்', ஒன்று வந்து சேர்ந்திருக்கும் நிலையைச் சொல்வதற்கு 'எஸ்தார்' என்று கொள்வது ஓரளவு நெருங்கிய விளக்கம்.

வேறுபாடு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு வாக்கியம் போதும். ஐந்தாம் எண் அறையில்தான் 'எக்ஸாம்' என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு இருப்பதாகக் கொள்வோம். 'எஸ்' என்று மொழிபெயர்த்தால் அந்த அறையில் தேர்வு நடக்கிறது என்று பொருள்; ஏனெனில் நிகழ்ச்சிகளின் இடத்தைச் சொல்ல 'செர்' வரும். 'எஸ்தா' என்று மொழிபெயர்த்தால் தேர்வுத் தாள் அந்த அறையில் இருக்கிறது என்று பொருள். ஏனெனில் பொருள்களின் இடத்தைச் சொல்ல 'எஸ்தார்' வரும். தமிழிலும் 'நடக்கிறது', 'இருக்கிறது' என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஆங்கிலம் எழுதியவர் இந்தக் கேள்வியை எதிர்கொள்ளவே இல்லை. பெயரடையின் பொருளையே மாற்றிவிடும் இடங்களும் உண்டு: 'லிஸ்தோ' என்ற சொல் 'எஸ்' உடன் வந்தால் கெட்டிக்காரர், 'எஸ்தா' உடன் வந்தால் ஆயத்தமாக இருப்பவர், 'வெர்தே' என்பது முன்னதில் பச்சை நிறம், பின்னதில் இன்னும் பழுக்காத காய்.

எதிரே இருப்பவர் யார்?

ஆங்கிலத்தின் 'யூ' யாரையும் குறிக்கும். ஸ்பெயினில் அது நெருக்கமான ஒருவரானால் 'தூ', மரியாதைக்குரிய ஒருவரானால் 'உஸ்தேத்', நெருக்கமான பலரானால் 'வொசோத்ரோஸ்', மரியாதைக்குரிய பலரானால் 'உஸ்தேதெஸ்' என்று நான்காகிறது. லத்தீன் அமெரிக்காவில் 'வொசோத்ரோஸ்' வழக்கில் இல்லை. அர்ஜென்டினாவில் 'தூ' இருக்க வேண்டிய இடத்தில் 'வோஸ்' வந்து, வினையின் விகுதியையும் மாற்றுகிறது. நீ, நீங்கள் என்று வேறுபடுத்திப் பேசிப் பழகிய தமிழருக்கு இது புதிதல்ல. மருத்துவமனைப் படிவமும் இளைஞருக்கான விளையாட்டுச் செயலியும் ஆங்கிலத்தில் ஒரே 'யூ'வால் பேசுகின்றன. ஸ்பானியத்தில் ஒவ்வொன்றும் தன் வாசகருடனான உறவை முதல் வரியிலேயே அறிவித்தாக வேண்டும்.

பால் வேறுபாடும் இப்படியே. 'டாக்டர்' ஆணாயின் 'தொக்தோர்', பெண்ணாயின் 'தொக்தோரா'. மூலத்தில் குறிப்பு இல்லாதபோது கணினிகள் பழைய பதிவுகளில் அதிகம் கண்ட வடிவத்தையே எழுதிவந்தன. 2018 டிசம்பரில் கூகுள் நிறுவனம், ஸ்பானியம் உள்ளிட்ட சில மொழிகளுக்கான மொழிபெயர்ப்பில், தனிச்சொல் ஒன்றை உள்ளிடும்போது ஆண்பால், பெண்பால் என இரு விடைகளையும் காட்டத் தொடங்கியது. விடை தெரியாத இடத்தில் தெரியாது என்று ஒப்புக்கொள்வது, நினைத்துப் பார்த்தால், மொழிபெயர்ப்பில் அபூர்வமான நேர்மை.

வினை, இனம், சார்பு

சரியான பொருளை எப்படிக் கண்டுகொள்வது என்ற கேள்வி கணினிக்காலத்துக்கு வெகு முந்தையது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரிக்கிறது: வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது. முதல் வகையில் பொருளைத் தெளிவிப்பவை வினை, இனம், சார்பு ஆகிய மூன்றும். 'மா' என்றால் மரமும் ஆகலாம், விலங்கும் ஆகலாம். 'மா பூத்தது' என்றால் வினையே மரம் என்று காட்டிவிடும். 'மா வீழ்ந்தது' என்றால் மரமும் விழும், விலங்கும் விழும். வெளியிலிருந்து குறிப்பு வந்தால் ஒழியத் தீராது.

அமெரிக்கக் கணிதவியலாளர் வாரன் வீவர் இயந்திர மொழிபெயர்ப்பு பற்றி 1949இல் எழுதிய குறிப்பாணையில் ஏறத்தாழ இதே சிக்கலை வேறு உருவகத்தில் வைத்தார். ஒரு சொல் மட்டும் தெரியும்படி துளையிட்ட அட்டையால் பக்கத்தை மூடினால் அச்சொல்லின் பொருள் விளங்காது. துளையை இருபுறமும் சில சொற்கள் தெரியும் அளவுக்கு அகலப்படுத்தினால் விளங்கிவிடும். எத்தனை சொற்கள் போதும் என்பதே ஆய்வுக்குரிய கேள்வி என்றார் அவர்.

எத்தனை அகலப்படுத்தினாலும் போதாத இடம் உண்டு என்று 1960இல் மறுத்தவர் இஸ்ரேலிய மொழியியலாளர் யெஹோஷுவா பார்-ஹில்லெல். அவர் காட்டிய உதாரணத்தில் ஜான் என்ற சிறுவன் தன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறான். கடைசியில் அது 'பென்'னுக்குள் கிடைக்கிறது. எழுதுகோலும் 'பென்'தான், குழந்தைகளை விளையாட விடும் கம்பியடைப்பும் 'பென்'தான். பேனாவுக்குள் பெட்டி அடங்காது என்ற உலக அறிவு இருந்தால்தான் சரியான பொருள் தெரியும். அந்த அறிவு சுற்றியிருக்கும் எந்தச் சொல்லிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஸ்பானியத்தில் முதலாவது 'புளூமா', இரண்டாவது 'கொர்ரால்'. ('கொர்ரால்' என்பதன் சிறுமை வடிவமான 'கொர்ராலீத்தோ' 2001 டிசம்பரில் அர்ஜென்டினா அரசு வங்கிச் சேமிப்புகளை முடக்கியபோது அந்த நடவடிக்கைக்கே பெயராயிற்று. குழந்தை தப்பிக்காதபடி அடைத்துவைப்பதுபோல் மக்களின் பணம் அடைக்கப்பட்டது என்ற எள்ளல், வேறு மொழிகளுக்குப் போகும்போது பெரும்பாலும் தொலைந்துவிடுகிறது.)

2017இல் வெளிவந்த, இன்றைய மொழிபெயர்ப்புக் கருவிகளுக்கு அடிப்படையான 'டிரான்ஸ்ஃபார்மர்' என்ற கணினி அமைப்பு, வீவரின் துளையை முழு வாக்கியத்துக்கும் அதற்கு அப்பாலும் திறந்துவிட்டது எனலாம். விலங்கு தெருவைக் கடக்கவில்லை, ஏனெனில் அது மிகவும் களைத்திருந்தது என்ற வாக்கியத்தையும், ஏனெனில் அது மிகவும் அகலமாக இருந்தது என்ற வாக்கியத்தையும் ஒப்பிடுவோம். முதலாவதில் 'அது' விலங்கு, இரண்டாவதில் தெரு. ஸ்பானியத்தில் விலங்கு ஆண்பால், தெரு பெண்பால். ஆகவே களைத்தது 'கன்சாதோ' என்று ஆண்பாலிலும், அகலமானது 'ஆன்ச்சா' என்று பெண்பாலிலும் வரும். அதோடு களைப்புக்கு 'எஸ்தார்', அகலத்துக்கு 'செர்'. ஆங்கிலத்தின் ஒரே சுட்டுச் சொல்லும் ஒரே 'வாஸ்' என்ற வினையும் அடுத்தடுத்து இரு முடிவுகளைக் கோருகின்றன. இன்றைய கருவிகள் இத்தகைய வாக்கியங்களைப் பெரும்பாலும் சரியாகக் கையாள்கின்றன.

சார்பே இல்லாத இடத்தில்

சுற்றியுள்ள சொற்களே துணை என்றால், சுற்றிலும் சொற்கள் இல்லாத இடத்தில் என்ன செய்வது? மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்கள் நாள்தோறும் எதிர்கொள்ளும் நிலை இதுதான். திரையைப் பார்க்காமல், ஒற்றைச் சொற்களின் நீண்ட பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் வேலை செய்கிறார்கள்.

1. 'ஓப்பன்' என்பது கோப்பைத் திறக்கச் சொல்லும் கட்டளையானால் 'அப்ரீர்'. திறந்திருக்கிறது என்ற நிலைக்குறிப்பானால் 'அபியெர்தோ'. திறந்திருப்பது பெண்பால் பெயரானால் 'அபியெர்தா'.

2. 'மே' என்பது மாதமா, கூடும் என்ற துணைவினையா என்பதற்குப் பட்டியலில் எந்தத் தடயமும் இராது.

3. 'நியூ' என்பது புதிய கோப்பா, புதிய கோப்புறையா என்பதைப் பொறுத்து ஈறு மாறும். ஸ்பானியத்தில் கோப்பு ஆண்பால், கோப்புறை பெண்பால்.

இதற்கு நிரலாளர்கள் கண்ட வழி, பட்டியலின் ஒவ்வொரு சொல்லுடனும் சூழலைக் குறிக்கும் தனி வரியைச் சேர்ப்பது. குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் 'கெட்டெக்ஸ்ட்' மொழிபெயர்ப்புக் கருவியில் அதற்கென்றே ஒரு புலம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒன்றாக இருக்கும் சொல்லை, சூழல் வேறு என்பதால், இரு தனிப் பதிவுகளாக அது வைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் மட்டும் சிந்திக்கும் நிரலாளருக்கு இது வீண்வேலையாகத் தெரிவதால், புலம் இருந்தும் பல இடங்களில் காலியாகவே கிடக்கிறது.

ஸ்பானியச் சொல்லின் சொந்தக் கிளைகள்

சரியான பொருளைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். 'ஸ்பிரிங்' என்பது கம்பிச் சுருள் என்று உறுதிசெய்து 'முவெய்யே' என எழுதினால், அச்சொல்லுக்குத் துறைமுகப் படகுத்துறை என்ற பொருளும் உண்டு. பணம் போடும் 'பாங்கோ'வில் அமரவும் செய்யலாம், ஏனெனில் பூங்காவின் பெஞ்சும் 'பாங்கோ'தான். குளிர்பானம் உறிஞ்சும் 'ஸ்ட்ரா' வைக்கோல் அல்ல என்று தெளிந்த பிறகும் மெக்சிகோவுக்கு 'பொபோத்தே', கொலம்பியாவுக்கு 'பித்தீய்யோ', ஸ்பெயினுக்கு 'பஹீத்தா' என்று நாடு பார்த்து எழுத வேண்டும்.

எண்ணில் வரும் குழப்பமே இவற்றில் விலை உயர்ந்தது. அமெரிக்க ஆங்கிலத்தின் 'பில்லியன்' நூறு கோடி. ஸ்பானியத்தின் 'பிய்யோன்' லட்சம் கோடி, அதாவது ஆயிரம் மடங்கு. ஆங்கிலச் சொல்லே முன்பு இருபொருள் உடையதாக இருந்தது. பிரிட்டன் அரசு 1974இல்தான் தன் புள்ளிவிவரங்களில் நூறு கோடி என்ற பொருளை ஏற்றது. அதற்கு முந்தைய பிரிட்டிஷ் ஆவணம் ஒன்றை மொழிபெயர்ப்பவர் ஆண்டைப் பார்க்காமல் எண்ணை எழுத முடியாது. நூறு கோடிக்கு ஸ்பானியர் 'மில் மிய்யோனெஸ்', அதாவது ஆயிரம் மில்லியன், என்று நீட்டிச் சொல்வதே வழக்கம். வெனிசுவேலா அதிபர் ரஃபேல் கால்தேராவின் முன்மொழிவை ஏற்று ஸ்பானிய மொழிக்கழகம் 1995இல் 'மிய்யார்தோ' என்ற சொல்லையும் அனுமதித்தது. ஒலி ஒற்றுமையை நம்பி 'பில்லியன்' இருந்த இடத்தில் 'பிய்யோன்' எழுதும் செய்தி, ஒரு நாட்டின் கடனை ஒரே வரியில் ஆயிரம் மடங்காக்கிவிடும்.

தவறு போய்ச் சேரும் இடம்

1. மருந்துச் சீட்டு. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருந்தகங்களில் கணினி அச்சிட்ட, மருந்துப் புட்டியில் ஒட்டும் ஸ்பானியச் சீட்டுகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ பாதிச் சீட்டுகளில் பிழை இருப்பதைக் கண்டது. 'நாளுக்கு ஒருமுறை' என்பதில் வரும் ஆங்கிலச் சொல் 'ஒன்ஸ்' மொழிபெயர்க்கப்படாமல் ஸ்பானிய வாசகத்தின் நடுவில் அப்படியே நின்றுவிடக்கூடும். அதே எழுத்துகளை ஸ்பானியர் 'ஒன்சே' என்று படிப்பார்கள். அதன் பொருள் பதினொன்று.

2. அவசர சிகிச்சைப் பிரிவு. இது எதிர்த்திசையில் நிகழ்ந்தது. 1980இல் ஃபுளோரிடாவில் மயங்கிக் கிடந்த 18 வயது இளைஞரைக் கொண்டுவந்த குடும்பத்தினர், அவர் 'இந்தொக்சிகாதோ' என்றார்கள். கியூபர்களின் பேச்சில் அது உணவு முதலியவற்றால் உடலுக்கு ஒவ்வாமல் போனதைக் குறிக்கும். ஆங்கிலத்தின் 'இன்டாக்சிகேட்டட்' போதையைக் குறிப்பதால், அளவுக்கு மீறிய போதைப்பொருள் என்று கருதிச் சிகிச்சை அளித்தார்கள். உண்மையில் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டிருந்தது. அவர் கைகால் செயலிழந்தார். வழக்கின் இழப்பீடு சுமார் 7.1 கோடி டாலர் என்று பதிவாகியுள்ளது.

3. சட்டம். அமெரிக்க அரசு 2024இல் வெளியிட்ட விதிகளின்படி, கூட்டரசு நிதி பெறும் மருத்துவ நிறுவனங்கள் உரிமைகளையோ சிகிச்சையையோ பாதிக்கும் முக்கிய ஆவணங்களை இயந்திரத்தால் மொழிபெயர்த்தால், தகுதி பெற்ற மனித மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

அந்தச் சரிபார்ப்பை எப்படிச் செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வர்ஜீனியாப் பக்கத்தில் இருந்த ஸ்பானிய வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழை இல்லை, நடையில் உறுத்தலும் இல்லை. தடுப்பூசி தேவையில்லை என்பது எந்த ஸ்பானியரும் இயல்பாகச் சொல்லக்கூடிய வாக்கியம். ஸ்பானியத்தை மட்டும் படித்துத் திருத்தும் எவரும், எவ்வளவு வல்லவராக இருந்தாலும், அதைக் கடந்து போய்விடுவார். ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்து, 'ரிக்வயர்ட்' என்ற சொல்லுக்கு மேல் விரலை நிறுத்துபவருக்கு மட்டுமே அந்தப் பிழை தெரியும்.